இடது காது

பட்டாணிக்கு இடது காது கேட்கிறதா என்று அவள் அம்மா தினமும் காலையில் சோதித்துப் பார்ப்பாள். குழந்தையை மடியில் வைத்து, வலது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, இடது காதில் ஏதாவது ரகசியம் சொல்வாள். ரகசியம் எப்போதும் வீட்டில் யாரையாவது பற்றியதாகத்தான் இருக்கும்.

"உங்கப்பா விட்ட குறட்டைல மாடி வீட்டுக்காரர் எழுந்து உக்காந்துட்டாராம்."

பட்டாணி சிரித்தால் காது கேட்கிறது என்று அர்த்தம். சிரிக்காவிட்டால் நகைச்சுவை போதவில்லை என்று அர்த்தம். அம்மா வேறொன்று சொல்வாள். காது ஒரு நாளும் தோற்றதில்லை.

இந்தச் சோதனையைச் செய்யச் சொன்னது குழந்தையின் சித்தி. பெரியவள், சின்னவள் என்றுதான் அந்த இரண்டு சகோதரிகளையும் எல்லோரும் சொல்வார்கள். பெரியவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவாள். அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். சின்னவள் ஒரு மரபணு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, அக்கா வீட்டில் ஜன்னலோர அறையில் தங்கியிருந்தாள். வாயில்லாப் பூச்சி. பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப்போனாலும், குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ரகம்.

பட்டாணிக்கு மூன்று வயது முடியவில்லை. நடக்கக் கற்றுக்கொண்டவள் இப்போது நடக்க மறந்துகொண்டிருந்தாள். நம் செல் ஒவ்வொன்றிலும் கழிவைச் சிதைக்கிற சின்னப் பைகள் இருக்கின்றன. நரம்பின் மேலுறையிலிருந்து கழிந்து வருகிற ஒரு வகைக் கொழுப்பை அங்கே ஒரு நொதி வெட்டித் துண்டாக்க வேண்டும். பட்டாணியின் உடம்பில் வெட்ட ஆளில்லை. வெட்டப்படாத கொழுப்பு சேர்ந்து சேர்ந்து நரம்புறையையே அரித்தது. முதலில் கால், பிறகு கை, பிறகு விழுங்குவது, பிறகு பார்வை என்று வரிசையாக வாங்கிக்கொண்டு போகிற நோய். பல லட்சம் பேரில் ஒருவருக்கு வரும்.

"அந்த ஒருத்தர் வீடு எங்கன்னு விசாரிச்சு விசாரிச்சு வந்து சேர்ந்திருக்கு," என்பாள் பெரியவள்.

நோய் இன்னதென்று தெரிந்தபோது டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். ஒன்று, வேறொருவரின் எலும்பு மஜ்ஜையை மாற்றி வைப்பது. புது மஜ்ஜையிலிருந்து வரும் செல்கள் அந்த நொதியைக் கொண்டுவந்து கொடுக்கும். கொடையாளி கிடைத்துவிட்டார். ஆனால் பத்துக் குழந்தைகளுக்குச் செய்தால் ஒன்று வீடு திரும்பாது. கால்கள் நன்றாக இருக்கும்போதே செய்தாக வேண்டும். இரண்டாவது வழி, புதிதாக வந்த ஒரு மாத்திரை. ஆபத்து கிடையாது. ஆனால் எல்லாருக்கும் வேலை செய்யாது.

அன்று சாப்பாட்டு மேஜையில் சின்னவள் அக்காவுக்கும் மாமாவுக்கும் விளக்கிச் சொன்னாள். மேஜையில் கிடந்த கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டாள். கையில் ஏதாவது இருந்தால்தான் அவளுக்குப் பேச்சு வரும்.

"அந்த என்சைம் ஒரு கத்தரின்னு வெச்சுக்கோங்க. ஒவ்வொரு மரபணுவும் நமக்கு ரெண்டு பிரதி இருக்கு. மாமாகிட்டேர்ந்து பட்டாணிக்கு வந்த பிரதில செய்முறை பாதிலயே நின்னுடுது. கத்தரியே உருவாகாது. உன்கிட்டேர்ந்து வந்ததுல கத்தரி உருவாகுது, ஆனா கோணல். கோணலா இருந்தா செல் அதக் குப்பைன்னு தூக்கிப் போட்டுடும். இந்த மாத்திரை அந்தக் கோணல நேரா பிடிச்சுக்கும். அப்ப கத்தரி போக வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேரும்."

"உங்கக்கா பக்கம் கோணல், என் பக்கம் கத்தரியே இல்ல," என்றார் மாமா. "பத்துக்குப் பத்துப் பொருத்தம்."

பெரியவள் அவர் தொடையில் ஒன்று போட்டாள். பிறகு டீச்சராகிக் கேட்டாள். "சரி, போய்ச் சேருது. சேர்ந்து வெட்டுமா?"

"அதுதான்க்கா கேள்வியே. சில மரபணு மாற்றத்துல வெட்டும். சிலதுல அலகே மழுங்கியிருக்கும். நேரா பிடிச்சு வெச்சாலும் பிரயோஜனம் இல்ல."

"உன் ஜோசியர் என்ன சொல்றார்?"

ஜோசியர் என்று பெரியவள் பெயர் வைத்தது ஒரு மென்பொருளுக்கு. அதைக் கட்டியது சின்னவளும், அவளோடு வேலை பார்க்கும் தாடியும். தாடி எப்போதோ தாடியை எடுத்துவிட்டான்; பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பல ஊர் ஆஸ்பத்திரிகள் இந்த நோயுள்ள குழந்தைகளின் விவரங்களை, பெயரை எடுத்துவிட்டு, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். எந்த மரபணு மாற்றம், மாத்திரை கொடுத்தார்களா, ரத்தத்தில் கொழுப்பு குறைந்ததா, கூடவே வேறு என்ன குறைபாடு. மென்பொருள் இவற்றையும் நொதியின் உருவப் படத்தையும் சேர்த்துப் பார்த்து, புதிதாக வரும் குழந்தைக்கு மாத்திரை பலிக்குமா என்று நிறத்தில் சொல்லும். பச்சை, மஞ்சள், சிவப்பு. பல டாக்டர்கள் அதைக் கேட்டுத்தான் முடிவெடுத்தார்கள். செல்லில் வைத்து நேரடியாகச் சோதிக்க மாதக்கணக்காகும்; அதுவரை குழந்தைகளின் கால்கள் காத்திருக்காது.

பட்டாணிக்குப் பச்சை வந்திருந்தது.

"உன்கிட்டேர்ந்து வந்த அதே மாற்றம் இருக்கிற பசங்க மூணு பேர் இருக்காங்க," என்றாள் சின்னவள். "மூணும் வேற வேற ஊர். மூணு பேருக்கும் மாத்திரை கேட்டிருக்கு. அதுல ஒரு பையனுக்கு ரெண்டு பிரதியிலுமே இந்த மாற்றம்தான். அவனுக்கே கேட்டிருக்குன்னா, அந்தக் கத்தரி வெட்டுதுன்னுதானே அர்த்தம்?"

இன்னொன்றும் இருந்தது. மூன்று பையன்களுக்குமே இடது காது கேட்காது. இதைக் கண்டுபிடித்தது அவளேதான். இந்த மாற்றத்துக்கும் இடது காதுக்கும் ஏதோ தொடர்பு என்று சொன்னபோது ஆய்வுக்கூடத் தலைவியான மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். சின்னவள் வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பெயர் ஓர் ஆராய்ச்சிப் போஸ்டரின் தலையில் அச்சானது. நொதி காது நரம்பை எப்படிப் பாதிக்கும் என்று அம்புக்குறி போட்டு ஒரு படம்கூட வரைந்திருந்தாள்.

"ஏய், ஒண்ணு கேக்கறேன்," என்றாள் பெரியவள். "இவ உன் பொண்ணா இருந்தா நீ என்ன பண்ணுவ?"

"மாத்திரை."

யோசிக்காமல், தலை குனியாமல் சொன்னாள். மாமா வியந்து போனார். "பாருடா, பேசறாளே!"

கொடையாளிக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

முதல் மாதம் ரத்தத்தில் கொழுப்பு கொஞ்சம் இறங்கியது. பெரியவள் ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாள். அடுத்த மாதம் பழைய இடத்துக்கே ஏறியது. பிறகு அதையும் தாண்டியது. சில குழந்தைகளுக்கு மெதுவாகத்தான் பிடிக்கும் என்று சின்னவள் சொன்னாள். மூன்று பையன்களின் கொழுப்பு அளவு வரைபடத்தையும் எடுத்து எடுத்துப் பார்த்தாள். மூன்றும் அழகாக இறங்கின. ஏறக்குறைய ஒரே மாதிரி இறங்கின. அந்த ஒற்றுமையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

பட்டாணி சுவரைப் பிடித்து நடந்தாள். பிறகு சுவரைப் பிடித்து நின்றாள். பிறகு, நிற்க வைத்தால் கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

*

வருஷத்துக்கு ஒருமுறை நோயாளிக் குடும்பங்கள் ஒன்றுகூடுவார்கள். வாடகைக்கு எடுத்த பெரிய ஹால். சக்கர நாற்காலிகள் போய்வர இடம் விட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆய்வுக்கூடத்துக்கு ஒரு மேஜை. தாடி வருகிறவர்களுக்கெல்லாம் பேனா கொடுத்தான். சின்னவள் தன் போஸ்டருக்குப் பக்கத்தில் நின்றாள். யாராவது கேள்வி கேட்க வந்தால் பின்னால் போய்விட வசதியான இடம்.

ஹாலில் ஒரே ஒரு குழந்தைதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது, பத்து வயதுப் பையன். கட்டியிருந்த பலூன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, நாற்காலியில் இருந்த குழந்தைகளின் மடியில் போட்டுக்கொண்டு போனான். ஓடுகிற அந்தக் கால்களை ஹாலில் இருந்த எல்லா அம்மாக்களும் பார்த்தார்கள். பையனின் அம்மா அவனைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு அவனுடைய வலது பக்கமாகப் போய் முதுகில் தட்டினாள். திரும்பி வரும் வழியில் போஸ்டர் முன் நின்று படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள்.

"இதென்னங்க, எங்க வீட்டுக் கதையப் படம் போட்டு ஒட்டியிருக்கீங்க?"

சின்னவள் கூச்சத்தை மறந்து முன்னால் வந்தாள். "உங்க பையனுக்கும் இடது காது கேக்காதாங்க?"

"சுத்தமா கேக்காது."

நாலாவது பையன்! சின்னவள் அவசரமாகப் பேனாவைத் தேடினாள். தாடி எல்லாப் பேனாவையும் கொடுத்து முடித்திருந்தான்.

"பொறந்ததிலேர்ந்தா?"

"எங்க? எல்லாம் அவங்கண்ணன் புண்ணியம். இவன் கைக்குழந்தையா தூங்கிட்டிருக்கும்போது, காது எவ்வளவு ஆழம்னு பென்சில விட்டுப் பாத்தான் அந்தக் கடன்காரன். இப்ப அவன் இன்ஜினியரிங் படிக்கிறான், கேட்டுக்கோங்க. கிணறு தோண்டாத குறைதான்."

சின்னவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "எந்த ஆஸ்பத்திரில பாக்கறீங்க?"

"எதைன்னு சொல்ல? இவங்கப்பாவுக்கு மாத்தல் உத்தியோகம். பூனை குட்டியத் தூக்கிட்டு அலையற மாதிரி இவனத் தூக்கிட்டு அலைஞ்சேன். மொதல்ல துறைமுகத்து ஆஸ்பத்திரி. அப்புறம் மலை மேல. இப்ப ஆத்துக்கு அந்தப் பக்கம் புதுசா கட்டினாங்களே, அங்க. மூணு எடத்துலயும் ரத்தம் எடுத்தாங்க. மூணு எடத்துலயும் ஆராய்ச்சிக்குக் குடுக்கலாமான்னு கேட்டாங்க. குடுங்கன்னுட்டேன். நாலு குழந்தைக்கு நல்லது நடக்கட்டுமே."

போஸ்டரில் சின்னதாக ஓர் ஊர் வரைபடம் இருந்தது. அதில் மூன்று பையன்களுக்கும் மூன்று சிவப்புப் புள்ளிகள். துறைமுகம். மலை. ஆற்றங்கரை.

அந்த அம்மா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு நிறுத்தி, "என்னம்மா, ஒடம்பு சரியில்லையா? ஒக்காரு," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். பையன் வந்து சின்னவள் மடியிலும் ஒரு பலூனைப் போட்டுவிட்டு ஓடினான்.

*

பெயரை எடுத்துவிட்டு அனுப்புவது குழந்தைகளின் நன்மைக்காக. ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தன் கணக்குக்கு ஒரு குறியெண் கொடுக்கும். ஒரே குழந்தை இரண்டு இடத்திலிருந்து வந்துவிடக் கூடாதே என்று சின்னவள்தான் ஒரு விதி எழுதியிருந்தாள்: இரண்டு பதிவுகளில் இரு பிரதிகளின் மாற்றங்களும் அப்படியே ஒத்துப்போனால் நிறுத்து, சோதி. ஆனால் துறைமுகத்தில் இருந்தது பழைய சோதனை. ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்து, மற்றது தெரியவில்லை என்று எழுதியது. மலையில் இருந்த சோதனை மற்றப் பிரதியைப் பார்க்கவே தவறி, இரண்டிலும் அதே மாற்றம்தான் என்று எழுதியது. ஆற்றங்கரையில் இருந்ததுதான் சரியாகச் சொன்னது: மற்றப் பிரதியில் இருப்பது வேறொரு மாற்றம், மிக லேசானது. ஒரே பையன் மூன்று விதமாக வந்தான். விதி மூன்று பேரையும் உள்ளே விட்டது.

அந்த லேசான கோணல் கத்தரியைத்தான் மாத்திரை நேராகப் பிடித்திருக்கிறது. அதனால்தான் அவன் ஓடுகிறான். பட்டாணிக்கு அது கிடையாது.

தாடி மூன்றையும் ஒன்றாக்கிவிட்டு மென்பொருளை மறுபடி ஓட்டினான். பட்டாணியின் வரியில் சிவப்பு வந்தது. நொதியின் உருவப் படம் முதலிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மாற்றம் இருந்த இடம் அலகின் விளிம்பு. மூன்று குழந்தைகள் சாட்சி சொல்லும்போது படத்தின் பேச்சை யார் கேட்பார்கள்?

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்பாங்க," என்றான் தாடி. "நாம ஒரே சோத்த மூணு தடவ எடுத்து நசுக்கிட்டு, பானை வெந்துருச்சுன்னுட்டோம்." வழக்கமாகத் தன் பேச்சுக்குத் தானே சிரிப்பவன். அன்று சிரிக்கவில்லை. "அந்தக் காதப் பாத்தப்பவாவது எனக்குத் தோணியிருக்கணும்," என்றான்.

"எனக்குத்தான் தோணியிருக்கணும்," என்றாள் சின்னவள். "நான் அம்புக்குறி போட்டேன்."

இதே மாற்றத்துக்காகப் பச்சை சொல்லப்பட்ட குழந்தைகள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு குழந்தைக்கு மாத்திரை தொடங்கும் முன்பே நோய் முற்றியிருந்தது. மற்றது வேறொரு நகரத்தில் ஒரு கைக்குழந்தை. மூத்த குழந்தையை இதே நோய்க்குப் பறிகொடுத்த வீடு என்பதால் பிறந்தவுடனே சோதித்திருந்தார்கள். அறிகுறி ஒன்றும் இன்னும் தொடங்கவில்லை.

மேடம் எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தப்பு உன்னோடது மட்டும் இல்லம்மா. நானும் கையெழுத்துப் போட்டேன்," என்றார். குரல் அன்பாகத்தான் இருந்தது. "அடுத்த வாரம் கமிட்டி கூடட்டும். எல்லா ஆஸ்பத்திரிக்கும் முறையா சொல்லிடுவோம். அதுவரைக்கும் யார்கிட்டயும் வாய் திறக்காத."

அது அவளுக்குப் பழக்கமான வேலைதான்.

டாக்டரம்மாவிடம் மட்டும் போனாள். வார்டுக்கு வெளியே, மருந்து வண்டிகள் நிறுத்தியிருந்த மூலையில் நின்று சொன்னாள். டாக்டரம்மா கேட்டுக்கொண்டே பக்கத்துச் சுவரில் கையை ஊன்றினார்.

"இப்ப மாத்தி வெக்கலாமா டாக்டர்? கொடையாளி இன்னும் இருப்பார்."

"நடக்கற குழந்தைக்கு நடையக் காப்பாத்தித் தரும். போனதத் திருப்பித் தராது. புதுச் செல் மூளைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நோய் முந்திக்கும். இப்ப பண்ணினா அந்தக் குழந்தைக்கு வலிதான் மிச்சம். நான் பண்ண மாட்டேன்." பிறகு, "பச்சைன்னு நானும்தானே நம்பினேன். உங்கக்காகிட்ட நான் சொல்றேன்," என்றார்.

"வேணாம் டாக்டர். நான் சொல்றேன்."

*

அது விடுமுறை நாள். மாமா ஏதோ ஒரு கட்டடத்தில் லிப்ட் நின்றுவிட்டதென்று போயிருந்தார். பெரியவள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பட்டாணியைச் சுற்றித் தலையணை அடுக்கிப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். குழந்தையின் கையில் ஒரு கலர் பென்சில் இருந்தது. காகிதத்தில் அழுத்தம் விழவில்லை.

"இங்க வாடி, இதக் கேளு. தொட்டி நிரம்ப எவ்வளவு நேரமாகும்னு கேட்டா ஒருத்தன் எழுதியிருக்கான், 'எங்கள் தெருவில் தண்ணீர் வராது'ன்னு. என்ன போட? அரை மார்க் போட்டேன். உண்மைய எழுதியிருக்கான்ல?"

சின்னவள் எதிரே உட்கார்ந்தாள். கையில் எதுவும் இல்லை.

"அக்கா, அந்த மூணு பசங்க."

"ஆமா, நம்ம பசங்க. என்ன, இன்னும் நல்லா ஓடறாங்களா?"

"மூணு பேர் இல்லக்கா. ஒருத்தன்தான்."

பெரியவளின் சிவப்புப் பேனா தாள்மேலேயே நின்றது. சின்னவள் சொன்னாள். சொல்லி முடிக்க வெகு நேரம் ஆகவில்லை. எவ்வளவு சிறிய விஷயம் அது என்று அவளுக்கே பயமாக இருந்தது.

பெரியவள் கணக்குப் போடுவதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"மூணு இல்ல, ஒண்ணு."

"ஆமா."

"அந்த ஒருத்தனுக்கும் ரெண்டாவது பிரதி நல்லது. நம்ம பட்டாணி மாதிரி இல்ல."

"இல்ல."

"அப்ப பூஜ்யம்."

சின்னவள் தலையாட்டினாள்.

"பூஜ்யத்த வெச்சுக்கிட்டு பச்சைன்னு சொல்லிருக்க."

"ஆமாக்கா."

"காது?"

"அவங்கண்ணன் பென்சில விட்டுட்டானாம்."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. நிஜமான சிரிப்பு, தோள் குலுங்கியது. "பென்சிலா? தெனம் காலைல எந்திரிச்சு இவ காதுக்குள்ள..." பட்டாணியும் அம்மா சிரிக்கிறாளே என்று சிரித்தாள். அதைப் பார்த்ததும் பெரியவளின் சிரிப்பு எங்கே நின்றது, அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. விடைத்தாள்களை மடியிலிருந்து தள்ளிவிட்டுக் குழந்தையை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

"சரி, இப்ப மாத்தி வெப்போம்," என்றாள் மூச்சுக்கு நடுவில். "அந்த ஆள் குடுக்கறேன்னுதானே சொன்னார். நான் கால்ல விழறேன். இன்னிக்கே டாக்டரம்மாகிட்டப் போவோம்."

"டாக்டர்கிட்டப் போயிட்டுத்தான்க்கா வரேன்."

பெரியவள் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"போ," என்றாள் பெரியவள் கடைசியில். "கொஞ்ச நேரம் என் கண் முன்னால நிக்காத."

சின்னவள் எழுந்தாள். அறைவாசல் வரை போனாள்.

"நில்லு. உன் மெஷின் வேற யாருக்காவது இதையே சொல்லிருக்கா?"

சின்னவள் திரும்பவில்லை. "ஒரு கைக்குழந்தை இருக்கு. இன்னும் ஒண்ணும் ஆரம்பிக்கல. மாத்திரையா மஜ்ஜையான்னு இந்த வாரம் முடிவு பண்றாங்க."

"அவங்களுக்குச் சொல்லியாச்சா?"

"அடுத்த வாரம் கமிட்டி கூடி..."

"கமிட்டியா?" பெரியவளின் வகுப்பறைக் குரல் வந்தது. வந்த வேகத்தில் உடைந்தது. "பச்சைன்னு சொல்லும்போது எந்தக் கமிட்டிடி கூடிச்சு? சோத்து மேசைல உக்காந்து சொன்னல்ல? எடு போன."

"பேர் தெரியாதுக்கா. எங்களுக்கு யார் பேரும் தெரியாது. ஆஸ்பத்திரி மட்டும்தான் தெரியும்."

"அப்ப ஆஸ்பத்திரிக்குப் பேசு."

அவள் பேசினாள். முதலில் வரவேற்பு. அங்கிருந்து குழந்தைகள் பிரிவு. விடுமுறை நாள், திங்கட்கிழமை கூப்பிடுங்கள் என்றார்கள். முடியாது, இப்போதே வேண்டும் என்றாள். இந்த மாதிரி ஒரு வாக்கியம் தன் வாயிலிருந்து வருவதை அவளே கேட்டாள். காத்திருக்கச் சொன்னார்கள். எந்தக் குழந்தை என்று கேட்டார்கள். குறியெண்ணை மனப்பாடமாகச் சொன்னாள். கடைசியில் வீட்டிலிருந்த ஒரு டாக்டருக்கு இணைத்துக் கொடுத்தார்கள். வயதான ஆண் குரல்.

"யாரும்மா? சரியா கேக்கல. சத்தமா சொல்லு."

அவள் சொன்னாள். மென்பொருள் சொன்னது தவறு. பச்சை இல்லை, சிவப்பு. அந்தக் குழந்தைக்கு மாத்திரையை நம்ப வேண்டாம். மஜ்ஜை மாற்றத்தைத் தள்ளிப் போட வேண்டாம்.

டாக்டர் குறியெண்ணை இன்னொரு தடவை கேட்டுச் சரிபார்த்தார். பிறகு, "போன மாசம் நீங்கதானே பச்சைன்னு அனுப்பினீங்க? அந்த அப்பா அம்மா மாத்திரைன்னு மனசத் தேத்திட்டு உக்காந்திருக்காங்க. இப்ப போய் நான் என்னன்னு சொல்லட்டும்? மெஷின் ஒரு நாள் ஒண்ணு சொல்லுது, மறுநாள் ஒண்ணு சொல்லுது. நிஜத்துல இந்தக் குழந்தை மாதிரியே மாற்றம் இருக்கற இன்னொரு குழந்தைக்கு மாத்திரை குடுத்து யாராவது பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கோம்."

"எத்தன பேருக்கு?"

"ஒரு குழந்தைக்கு."

"கேட்டுதா?"

"கேக்கல."

"நல்லா தெரியுமா? அதே மாற்றம்தானே? இது வேற ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த தகவல் இல்லையே?"

"எனக்குத் தெரிஞ்ச குழந்தை," என்றாள் சின்னவள்.

"அந்தக் குழந்தை இப்ப எப்படி இருக்கு?"

சின்னவள் வாயைத் திறந்தாள். பட்டாணி அம்மாவின் தோளில் கன்னத்தை வைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஹலோ? ஹலோ?" என்றது போன். "லைன்ல இருக்கீங்களா?"

பெரியவள் எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, ஒரு கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். தங்கையின் பக்கம் பார்க்கவில்லை.

"நான் அந்தக் குழந்தையோட அம்மா பேசறேன் டாக்டர்," என்றாள். "எழுதிக்கோங்க. போன வருஷம் இந்நேரம் நடந்துட்டிருந்தா."